வாடைக்காற்று திரும்பியதும் வந்த முறைப்பாடு: திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டுக் கோழிக்கூடு பற்றிய நிகழ்வு ஆய்வு

இதில் யாருடைய பெயரும் இல்லை, ஒழுங்கையின் பெயரும் இல்லை. சம்பந்தப்பட்ட மூன்று வீட்டாரிடமும் சொல்லித்தான் எழுதுகிறேன். நான் கால்நடைப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றவன், அதே ஒழுங்கையில் சற்றுத் தள்ளி இருக்கிறேன். வீட்டில் நாலு கோழி வைக்க நினைக்கிறவர்களுக்கும், பக்கத்து வீட்டுக் கோழியால் நித்திரை கெட்டவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

பின்னணி

2022 ஜூன். அரிசி, எரிவாயு, பெற்றோல் எல்லாவற்றுக்கும் வரிசை. அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்ன காலம். கோழித்தீன் விலையும் ஏறிக்கொண்டிருந்தது, ஏனென்றால் 2021 இல் இரசாயனப் பசளையைத் தடை செய்த பிறகு சோளம் சரியாக விளையவில்லை. அந்த ஆவணியில் அரசாங்கம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாய், சிவப்பு முட்டைக்கு 45 ரூபாய் என்று கட்டுப்பாட்டு விலை போட்டும், அந்த விலைக்குக் கடையில் முட்டை கிடைப்பது அரிதாக இருந்தது. வளர்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

இந்தக் குடும்பத்தில் ஐந்து பேர். கணவர் ஒரு அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர், மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறவர், இரண்டு பிள்ளைகள், கணவரின் தாயார். காணி 12 பேர்ச்சஸ், அதில் வீடு போக மிஞ்சுவது பின்வளவுதான். தம்பலகாமத்தில் இருக்கிற சொந்தக்காரரிடம் ஆறு ஊர்க்கோழிப் பேடுகளும் ஒரு சேவலும் வாங்கி வந்தார்கள். கூடு அடித்தவர் அந்த அம்மா, அதாவது மாமியார். சின்ன வயதில் கோழியோடு வளர்ந்தவர், அவருக்குக் கை வந்த வேலை. ஆனால் அவர் வளர்ந்த ஊரில் பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கும். இங்கே அது ஒரு மதில்தான்.

காணியின் அமைப்பைச் சொல்லாமல் மிச்சம் விளங்காது. வீதி தெற்கே. பின்வளவு வடக்கே. அதற்கும் வடக்கே ஆளில்லாத வெற்றுக்காணி. மேற்கே ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார், ஒழுங்கை முழுக்க அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடும். கிழக்கே வைத்தியசாலையில் இரவுக் கடமை செய்கிற ஒரு தாதியும் அவருடைய பெற்றோரும். கூடு அடித்தது பின்வளவின் வடமேற்கு மூலையில், ரீச்சரின் மதிலோடு ஒட்டி. அங்கே மாமர நிழல் இருந்தது, அதனால் அந்த இடம். மதிலுக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு அடியில் ரீச்சரின் கிணறு.

முதல் ஐந்து மாதம்

பகலில் கோழிகள் திறந்து விடப்பட்டன. மதிலுக்கு மேலே பறந்து ரீச்சரின் வெண்டிப் பாத்தியையும் செவ்வந்தியையும் கிளறிய இரண்டொரு சம்பவம் நடந்தது, மன்னிப்புக் கேட்டுச் சிறகின் நுனியை வெட்டியதோடு அது முடிந்தது. தாதியின் தாயார் மட்டும் சேவல் விடியப்புறம் கூவுகிறது என்று சொன்னார். மற்றபடி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு பேடு அடை கிடந்து பதினொரு குஞ்சு பொரித்தது, காகமும் கீரியும் தின்றது போக எட்டு மிஞ்சின. கார்த்திகை வரும்போது கூட்டில் பதினைந்து உருப்படி. அடித்த கூடோ ஏழுக்கு.

நவம்பரில் முறைப்பாடு

மழை பிடித்த இரண்டாவது கிழமையே ரீச்சர் நாற்றம் என்று சொன்னார். அப்புறம் இலையான் என்றார். டிசம்பரில் கிணற்றுத் தண்ணீர் குடிக்க முடியவில்லை என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுதிக் கொடுத்தார். பி.எச்.ஐ. வந்து பார்த்து, இரண்டு கிழமைக்குள் சீர்செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில்தான் விஷயம் கெட்டது. குடும்பம் இதைப் பகை என்று எடுத்துக்கொண்டது. மருமகள் என்னிடம் சொன்னது இப்படியே நினைவிருக்கிறது: “அஞ்சு மாசமா ஒண்டும் சொல்லாதவ, இப்ப என்னத்துக்கு அண்ணை திடீரெண்டு எழுதிக் குடுக்கிறா? எங்கட மூத்தவனுக்கு ரிசல்ட் நல்லா வந்தது அவவுக்குப் பொறுக்கேல்ல.” கணவர் எதிர் முறைப்பாடு எழுதத் தயாராக இருந்தார், ரீச்சரின் மலசலகூடக் குழி மதிலுக்குக் கிட்ட இருக்கிறது என்று. ரீச்சர் பக்கமோ, கோழி முழுவதையும் எடுக்காவிட்டால் இணக்க சபைக்குப் போவேன் என்று நின்றார். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த இணக்க சபைகள் நல்லவை, அயலவர் சண்டைகள் பலவற்றைத் தீர்த்தும் வைத்திருக்கின்றன. ஆனால் அங்கே கதைத்து ஒப்பமிடுவதால் ஈரமான எச்சம் காயாது.

கணவரின் தாயார்தான் என்னை வரச் சொன்னார். ரீச்சரிடமும் அன்றே போனேன், ஒரு பக்கத்தால் மட்டும் போனால் பிறகு சொல்வது எடுபடாது.

பார்த்தவை

முதலில் காற்று. திருகோணமலையில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும், சூடும் வறட்சியும். ஐப்பசிக்குப் பிறகு வாடை வடகிழக்கிலிருந்து வரும், மழையையும் கொண்டு வரும். வருட மழையில் பெரும்பகுதி நமக்கு அந்த மூன்று நாலு மாதத்தில்தான். கூடு வடமேற்கு மூலையில் இருந்ததால் கச்சான் காலம் முழுக்க அதன் நாற்றம் வடக்கே வெற்றுக்காணிக்குப் போனது. எச்சமும் காய்ந்து கிடந்தது, நாற்றமே குறைவு. வாடை திரும்பியதும் அதே கூட்டின் காற்று தென்மேற்கே, நேராக ரீச்சரின் படுக்கையறை யன்னலுக்கு. அதே நேரம் எச்சம் நனைந்தது, குஞ்சுகள் வளர்ந்து எண்ணிக்கை இரண்டு மடங்கானது. மூன்றும் ஒரே மாதத்தில். ரீச்சர் ஐந்து மாதம் பொறுத்திருந்து வஞ்சம் தீர்க்கவில்லை, அந்த ஐந்து மாதமும் அவருக்கு மணக்கவே இல்லை. இதை ஒரு தாளில் படமாகக் கீறிக் காட்டியபோதுதான் மருமகளின் முகம் மாறியது. இரண்டு வீட்டுக்கும் இடையில் கிடந்த கசப்பில் பாதி அந்தத் தாளோடு போனது என்று சொல்வேன்.

அடுத்தது ஈரம். கூட்டுக்குத் தளம் இல்லை, வெறும் மண். தகரம் சுவரோடு முடிந்தது, தாழ்வாரம் இல்லை, அதனால் சாரல் உள்ளே. தண்ணீர் ஒரு பேசினில், கோழி ஏறிக் கவிழ்த்தபடி. வளர்ந்த கோழி ஒன்று நாளுக்கு 100 கிராமுக்கு மேல் எச்சமிடும், அதில் முக்கால் பங்கு தண்ணீர். பதினைந்து உருப்படி என்றால் கிலோ கணக்கு. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் உடைக்கும்போது அமோனியா வருகிறது, அதற்கு ஈரம் வேண்டும். கூட்டுக்குள் குனிந்து கோழியின் உயரத்தில் மூச்சை இழுத்தேன், கண் எரிந்தது. அந்த உயரத்தில்தான் அதுகள் இரவு முழுக்கக் கிடக்கின்றன. அயலவரை விட முதலில் பாதிக்கப்படுவது கோழியின் கண்ணும் நுரையீரலும்.

நாற்றத்தை அடக்க அவர்கள் சுண்ணாம்பு தூவியிருந்தார்கள். பலரும் செய்வது இது. ஈரமான எச்சத்தில் சுண்ணாம்பு போட்டால் காரத்தன்மை கூடி, உள்ளே அடங்கிக் கிடக்கிற அமோனியாவும் வெளியே கிளம்பும். அடுப்புச் சாம்பலும் அப்படித்தான். முறைப்பாடு எழுதிய கிழமையில் நாற்றம் அவ்வளவு மோசமாக இருந்ததற்கு அந்தச் சுண்ணாம்பும் ஒரு காரணம்.

வாரிய எச்சத்தை மதிலோரம் ஒரு கிடங்கில் கொட்டியிருந்தார்கள், மூடி இல்லை. இலையான் அங்கேதான் பெருகியது. நமது சூட்டில் முட்டையிலிருந்து பறக்கிற இலையான் ஆக ஏழு முதல் பத்து நாள் போதும், இவர்களோ பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கூட்டினார்கள். இன்னொன்று, அந்தக் கிடங்கும் ரீச்சரின் கிணறும். உப்புவெளி மண் மணல், தண்ணீர் மேலேயே கிடக்கும், மாரியில் இன்னும் மேலே வரும். கொட்டியது கீழே இறங்க அதிக நேரம் எடுக்காது. கிணற்று நீரில் கிருமி இருப்பதாகச் சோதனையில் வந்தது. அது கோழிக் கிடங்கிலிருந்தா, ரீச்சரின் சொந்த மலசலகூடக் குழியிலிருந்தா என்று அந்தச் சோதனை சொல்லாது. இரண்டு பக்கத்துக்கும் அதை அப்படியே சொன்னேன்.

தீன் சாக்கு வாய் திறந்தபடி விறாந்தையில். மதிலடியில் எலி வளைகள். பாம்புச் சட்டை ஒன்றும் கிடந்தது. எலி வந்தால் எலிக்காய்ச்சல் பயமும் வரும், சாரையும் நாகமும் வரும், இதையெல்லாம் கோழியின் கணக்கில் போடுகிற அயலவரைக் குறை சொல்ல முடியாது.

சேவல் விடியப்புறம் நாலு மணிக்கு முன்பே கூவியது. சாக்குப் போட்டு இருட்டாக்கிப் பார்த்திருக்கிறார்கள், நிற்கவில்லை. நிற்காது. 2013 இல் ஜப்பானில் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேவல்களை மாறாத மங்கல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள், அப்படியும் அவை ஏறக்குறைய ஒரு நாள் சுற்றில் தம் நேரத்துக்குக் கூவின. நேரம் அதன் உடலுக்குள் ஓடுகிறது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

கோழியை வைப்பதா எடுப்பதா என்று கதைப்பதை நிறுத்தினோம். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் ஒரு வீடு தோற்க வேண்டும். நாற்றம், இலையான், கிணறு, எலி, சத்தம் என்று ரீச்சரும் தாதியின் வீட்டாரும் சொன்னவற்றைத் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் யார் என்ன செய்வது என்று பக்கத்தில் எழுதினோம். கூட்டத்துக்கு ரீச்சர் வரவில்லை. தாளை நான் கொண்டுபோய்க் காட்டினேன், கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசித்துவிட்டு, “வாடை முடியுமட்டும் பாக்கிறன் தம்பி” என்றார். அது போதும் என்று பட்டது.

சேவல் முதலில். மாமியார் இதற்குத்தான் கடைசி வரை மறுத்தார், சேவல் இல்லாவிட்டால் முட்டை நின்றுவிடும் என்று பயம். பேடு முட்டையிடச் சேவல் தேவையில்லை, முட்டை கருக்கட்டத்தான் தேவை. குஞ்சு வேண்டுமென்றால் தம்பலகாமத்திலிருந்து கருக்கட்டிய முட்டை கொண்டுவந்து அடைக்கோழிக்கு வைக்கலாம், 21 நாளில் பொரிக்கும் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார். சேவல் வந்த இடத்துக்கே திரும்பியது.

எண்ணிக்கை ஐந்து பேடு. வளர்ந்த குஞ்சுகளில் சில விற்கப்பட்டன, சில சமைக்கப்பட்டன. ஊர்க்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்குப் படுத்துவிடும், பண்ணை லேயர் போல வருடம் 300 இடாது. ஐந்து இருந்தால் பிள்ளைகளுக்குக் காணும். அதற்கு மேல் தீன் விலைக்குக் கட்டாது, காணியும் தாங்காது.

கூட்டின் இடம். இதில்தான் அதிக நேரம் கதைத்தோம். மழைக்காலத்தில்தான் நாற்றம் அதிகம் என்றால், இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது வாடைதான். பின்வளவில் நடுவுக்குச் சற்றுக் கிழக்கே கூட்டை வைத்தால் வாடை அதைத் தென்மேற்கே, இந்த வீட்டின் குசினிக்கே கொண்டுவரும். மருமகளுக்கு இது பிடிக்கவில்லை, இயல்புதான். ஆனால் நாற்றம் முதலில் வளர்க்கிறவருக்கு வந்தால்தான் அன்றைக்கே கூட்டுவார்கள், இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ரீச்சரின் கிணற்றிலிருந்தும் தூரம் கூடியது. கச்சானில் காற்று தாதியின் வீட்டுப் பின்புறத்தைத் தொடும் என்பதால் அவர்களிடம் முன்கூட்டியே கேட்டோம், காய்ந்த கூடு என்றால் சரி என்றார்கள்.

புதுக்கூடு நாலடிக்கு ஆறடி, ஒரு கோழிக்கு நாலு சதுர அடிக்குக் குறையாமல். சீமெந்துக் கல்லில் ஒன்றரை அடி உயர்த்தி, இரண்டடித் தாழ்வாரம் விட்டு. வாடைப் பக்கத்துக்கு இறக்கி ஏற்றக்கூடிய படங்கு. சாதாரண கோழி வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், எலியையும் கீரியையும் வெளியே வைத்திருக்காது, அதனால் அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பி வலை. அதுதான் செலவில் பெரியது. தரைக்கு நாலு அங்குலம் உமி, தம்பலகாமத்து மில்லிலிருந்து. உமியைக் கையில் பிடித்து இறுக்கினால் உருண்டையாக நிற்கக்கூடாது, நின்றால் ஈரம், மாற்ற வேண்டும். இந்தக் கைப்பிடிச் சோதனையை மூத்த பிள்ளை பொறுப்பெடுத்தான்.

எச்சம் மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை வாரி, காய்ந்த மாவிலையோடு கலந்து மூடியுள்ள பரலில். இலையானின் சுற்று ஒரு கிழமைக்கு மேல் என்றால் அதற்கு முன்பே அதன் இடத்தை எடுத்துவிட வேண்டும், கணக்கு அவ்வளவுதான். பழைய கிடங்கு மண்ணோடு தோண்டி அகற்றப்பட்டது. தீன் தகர வாளிக்குள் போனது, கோழிக்கு 110 கிராம் அளவில், மாலையில் தட்டு வெறுமையாக எடுக்கப்படும். மழை ஓய்ந்த பிறகு ரீச்சரின் கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டார்கள், இறைக்கிற செலவை இந்தக் குடும்பம் கொடுத்தது. குற்றத்தை ஏற்று அல்ல, யாரால் என்று தெரியாத நிலையில் செய்யக்கூடிய மரியாதையாக. ராணிக்கெட் என்ற கோழிக் கொள்ளைநோய்க்கான தடுப்பு மருந்தும் அரச கால்நடை வைத்திய அலுவலகம் மூலம் போட்டார்கள், கூட்டோடு சேர்த்துச் செய்ய வேண்டியதுதான்.

பின்னர் நடந்தவை

பி.எச்.ஐ. மறுபடி வந்து பார்த்து முறைப்பாட்டை முடித்துக்கொண்டார். இலையான் ஒரு மாதத்துக்குள் குறைந்தது. எலி அவ்வளவு சுலபமாகப் போகவில்லை, வளைகளை அடைத்தும் பொறி வைத்தும் பல மாதம் எடுத்தது.

சத்தம் பாதிதான் தீர்ந்தது. சேவல் போன பிறகுதான் இரண்டு வீடு தள்ளி இன்னொரு சேவல் இருப்பது தாதிக்குத் தெரிந்தது. பேடும் முட்டையிட்டவுடன் கொக்கரிக்கும், காலையில், அவர் கடமை முடிந்து படுக்கிற நேரம். அது சில நிமிடம்தான், பழகிவிட்டது என்றார்.

2023 மே, ஜூன் வெயிலில் வேறு சோதனை. மாமர நிழலை விட்டு வந்ததால் புதுக்கூடு சுட்டது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை விடும். ஒரு பேடு நடுப்பகலில் சுருண்டு செத்தது. தகரத்துக்கு மேலே கிடுகு வேய்ந்து, தண்ணீரை இரண்டு இடத்தில் நிழலில் வைத்த பிறகு மற்றவை தப்பின. சூட்டில் கோழி இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், ஒரு தடவை பாத்திரம் காய்ந்தாலே முட்டை குறைந்துவிடும்.

உண்மையான பரீட்சை 2023 நவம்பரில் திரும்பிய வாடைதான். ஒரு பெருமழையில் படங்கின் கயிறு அறுந்து உமி நனைந்தது. ரீச்சர் மதிலுக்கு மேலால் கூப்பிட்டு, “பிள்ளை, மணக்குது” என்றார். அன்று மாலையே உமி மாறியது. அந்த மாரியில் அவர் சொன்னது அந்த ஒரு சொல்தான், எழுத்தில் ஒன்றும் போகவில்லை. முட்டை கொடுத்தால் வாங்கமாட்டார், இன்றும் அப்படித்தான். கூட்டெருவும் வேண்டாம் என்றார், அதைத் தாதியின் தகப்பனார் கத்தரிக்குக் கேட்டு வாங்குகிறார்.

மாற்ற வேண்டியவை

கோழி வருமுன் கூடு, கூட்டுக்கு முன் எண்ணிக்கை. குஞ்சு பொரிக்க விடுவதாக இருந்தால் வளர்ந்தவை எங்கே போகும் என்பதும் அன்றே தெரிந்திருக்க வேண்டும், பதினைந்து உருப்படி ஆனது ஒருவரும் முடிவெடுக்காததால்தான். நிழல் மரம் தேடிக் கூட்டை மூலைக்குத் தள்ளுவதை விட, காற்றைப் பார்த்து இடம் எடுத்து நிழலைக் கூரையில் செய்வது நல்லது. புதுக்கூட்டிலும் முதலிலேயே கிடுகு வேய்ந்திருக்கலாம். படங்குக்குக் கயிற்றை விடச் சட்டமும் கொக்கியும் மேல்.

மதிலுக்கு இரண்டு பக்கமும் உள்ளவர்களிடம் வாங்குவதற்கு முன்பே சொல்லுங்கள், அனுமதி கேட்கிற மாதிரி அல்ல, என்ன மணந்தாலும் எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று. அதோடு, மணல் மண்ணில் கிணறு கிட்ட இருக்கிற இடம் என்றால், கோழி வருமுன் அந்தக் கிணற்று நீரை ஒரு தடவை சோதித்து முடிவை இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பிரதி வைத்திருங்கள். இந்த விஷயத்தில் அப்படியொரு தாள் இல்லாததால், கிணறு எதனால் கெட்டது என்று ரீச்சர் ஒன்றும் அந்தக் குடும்பம் ஒன்றுமாக இன்னும் சொல்கிறார்கள்.